பாடம் வந்தது, லேப் வரவில்லை

கணினிப் பாடங்களை இணையத்துக்கு மாற்றுவதில் பெரிய சிரமம் இருக்காது என்றுதான் 2020-இல் கல்லூரி வட்டாரத்தில் பலரும் எண்ணினார்கள். வேதியியல் மாணவருக்குப் பியூரெட் வேண்டும், மெக்கானிக்கல் மாணவருக்கு லேத் வேண்டும். பைத்தான் நிரல்மொழிக்கும் சைலாப் கணிப்பு மென்பொருளுக்கும் ஒரு கணினி போதுமே என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒரு கணினி பெரும்பாலான மாணவர்களுக்குக் கல்லூரி லேபில்தான் இருந்தது. லேப் அந்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பூட்டப்பட்டுவிட்டது.

கீழப்பழுவூரை எடுத்துக்கொள்வோம். அரியலூரிலிருந்து தெற்கே தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. ஆலந்துறையார் கோயில், விடாமல் ஓடும் சிமென்ட் லாரிகள், ஓர் அரசு பாலிடெக்னிக். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் இந்த பாலிடெக்னிக்கில் படிப்பார்கள்; இல்லையென்றால் காத்தான்குடிக்காட்டில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, அல்லது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரியலூர் அரசு கலைக் கல்லூரி. பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்தில்தான் கணினி இருந்தது. இணைய வசதி 14.9 சதவீத வீடுகளில். தமிழ்நாட்டின் நிலை சராசரியைவிடக் கொஞ்சம் மேல் என்றே வைத்துக்கொண்டாலும், கீழப்பழுவூரைச் சுற்றிய தெருக்களில் எத்தனை வீட்டில் கணினி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

2020 ஆகஸ்ட் 12 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் மேல்வகுப்புகளுக்கு இணையவழிப் பாடம் தொடங்கியது. கொஞ்சம் தள்ளிச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள், வகுப்பறையைப் பார்ப்பதற்கு முன்பே போனில் பைத்தான் கற்கத் தொடங்கினார்கள். எல்லாப் பிரிவு மாணவர்களும் முதல் பருவத்தில் படித்தாக வேண்டிய பாடம் அது. சிவில் படிக்கிறவருக்கும் உண்டு, இசிஇ படிக்கிறவருக்கும் உண்டு.

போனில் நிரல் எழுதுவது என்றால் என்னவென்று, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திரையில் பாதியைக் கீபோர்டு அடைத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஏழெட்டு வரிதான் தெரியும். பைத்தானில் ஒவ்வொரு உள்வரிக்கும் இடப்பக்கம் விடுகிற வெற்றிடம்தான் இலக்கணம். மற்ற வரிகளில் நான்கு இடைவெளி இருக்க, ஒன்றில் மூன்று விழுந்தால் நிரல் நின்றுவிடும். அடைப்புக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் கீபோர்டின் அடுத்த பக்கத்துக்குத் தாவ வேண்டும். சில செயலிகளில் வரியின் முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். பிரிண்ட் என்ற கட்டளையைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் ‘நேம் எரர்’ வந்து நிற்கும். ஆசிரியர் அனுப்பிய பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக வரும், வெற்றிடங்கள் காணாமல் போகும். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குத் தப்பு தன் சிந்தனையில் இருக்கிறதா, கீபோர்டில் இருக்கிறதா என்று பிரித்தறியத் தெரியாது. தனக்கு இந்தப் பாடம் வராது என்று முடிவுகட்டிவிடும். இணையவழிக் கற்பித்தல் இந்த மாவட்டப் பிள்ளைகளுக்குச் செய்த பெரிய தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் இது எங்கும் பதிவாகவில்லை.

அரசு உதவாமல் இல்லை. 2021 ஜனவரியில் 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா, ஏப்ரல் வரைக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். வகுப்பு தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. டேட்டா கிடைத்ததால் வகுப்பைக் கேட்க முடிந்தது. நிரலை ஓட்டுவதற்குக் கணினி வேண்டுமே. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ முடித்து வந்தவர்களில் சிலரிடம் அது இருந்தது. தொடக்க ஆண்டு மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தந்திருந்தார்கள். பைத்தான் கற்பதற்கு அதைவிடச் செலவில்லாத ஏற்பாடு கிடையாது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிள்ளைக்கோ அப்படிப் பள்ளி வழியாக ஒரு மடிக்கணினி வந்திருக்க வாய்ப்பில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, இணையவழியே வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அது தந்த நன்மைகள் மேலோட்டமானவை அல்ல. வகுப்பறையில் ஆங்கிலத்தில் ஒருமுறை ஓடிப்போன விளக்கத்தை, பதிவில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மூன்றாவது முறை கேட்டுப் புரிந்துகொண்ட மாணவிகளை எனக்குத் தெரியும். கை தூக்கிக் கேட்கத் தயங்குகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்குப் பிழைச் செய்தியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டமான என்பிடெல், பெருநகரக் கல்லூரிக்கு மட்டும் வாய்த்த ஆசிரியரை அரியலூர்க்காரருக்கும் கொண்டுவந்தது. எண்சார் பகுப்பாய்வை ஆழமாகச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒரு மாவட்டத்தில் ஓரிருவர் இருந்தாலே பெரிது. அந்தக் குறையைப் பதிவுகள் நிரப்பின. இதை யாரும் மறுக்க முடியாது.

இவற்றுள் நான் மிகவும் மதிக்கிற முயற்சி ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். சைலாப், பைத்தான், சி, லினக்ஸ் என்று பலவற்றுக்கும் பத்து நிமிட அளவிலான சின்னச் சின்னப் பாடங்கள். தமிழிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். திரையில் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் மென்பொருளைத் திறந்து, சொல்லச் சொல்லத் தானும் செய்து பார்க்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. இணைய இணைப்பு இல்லாமலும் பயன்படுத்தலாம். கேட்பது வேறு, செய்வது வேறு என்பதை உணர்ந்து கட்டிய பாடம் அது. பெருந்தொற்றுக் காலத்து வகுப்புகளில் பெரும்பாலும் நடந்தது இதற்கு நேர் எதிர்: ஒரு மணி நேரம் ஸ்லைடு, அட்டென்டன்ஸ், முடிந்தது.

லேபில் ஆசிரியர் பக்கத்தில் நிற்பது ஏன் தேவை என்பதற்கு ஒரு சின்ன நிரல் போதும். எக்ஸ் என்ற மாறிக்கு 0 என்று மதிப்புக் கொடுங்கள். எக்ஸ் 1-க்குச் சமமாகும் வரை 0.1 கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பத்துச் சுற்றில் நிற்க வேண்டும். நிற்காது. கணினி எண்களை இரும முறையில் வைத்திருக்கிறது, அதில் 0.1-ஐ முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாது, நம் தசம முறையில் மூன்றிலொரு பங்கை எழுத முடியாததுபோல. பத்தாவது சுற்றில் எக்ஸின் மதிப்பு 0.9999999999999999. அடுத்த சுற்றில் 1-ஐத் தாண்டிவிடும். பிறகு முடிவே இல்லை.

இதைக் காணொளியில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கேட்கிறவர் தலையாட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். லேபில் நடப்பது வேறு. “சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு” என்று ஒரு குரல் வரும். ஆசிரியர் வந்து பார்ப்பார். விடையைச் சொல்ல மாட்டார். நிறுத்திவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸை அச்சடிக்கச் சொல்வார். அந்த ஒன்பதுகளின் வரிசையைப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் இரண்டு தசம எண்களைச் சமமா என்று கேட்காது. வித்தியாசம் போதுமான அளவு சிறியதா என்றுதான் கேட்கும். பொறியியல் கணிப்பின் அடிப்படைப் பாடமே அதுதான். விளையாட்டான விஷயமும் இல்லை: 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். நொடியில் பத்திலொரு பங்கை 24 பிட்டுக்குள் நறுக்கி வைத்ததில் வந்த பிழை, ஏறத்தாழ நூறு மணி நேரத்தில் நொடியின் மூன்றிலொரு பங்காகச் சேர்ந்திருந்தது. அதே 0.1 தான்.

நேரடி வகுப்புக் காலம் பொற்காலம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் தட்ட மற்ற இருவர் பார்த்த லேப்கள் ஏராளம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, ஓட்டியே பார்க்காத நிரலின் அவுட்புட்டை அழகான கையெழுத்தில் எழுதி, சிவப்புக் கையெழுத்து வாங்கிய ரெக்கார்டுகள் இன்னும் எத்தனையோ. இணையவழி இந்த நோயை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு இடம் கொடுத்தது.

தேர்வில்தான் எல்லாம் அம்பலமானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2020 நவம்பர்-டிசம்பர் பருவத் தேர்வு, 2021-இன் தொடக்கத்தில் இணையவழியில், மாணவரின் முகத்தைக் கேமரா வழியே மென்பொருள் கண்காணிக்க நடந்தது. ஏப்ரலில் முடிவு வந்தபோது ஏராளமானோர் தோல்வி, பலருக்கு முடிவு நிறுத்திவைப்பு. மே மாதம் ஆட்சி மாறியதும் மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. இணைப்பு அறுந்தாலும் சந்தேகம், கண் வேறு பக்கம் திரும்பினாலும் சந்தேகம். ஒரே அறையில் குடும்பமே இருக்கிற வீட்டில் யார் கண்தான் திரும்பாது? மாணவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கவனிக்கச் செலவிட்ட உழைப்பை, அவர் எழுதிய நிரலை ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்பதில் செலவிட்டிருக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் நேரடித் தேர்வு வேண்டாம், இணையவழித் தேர்வே வேண்டும் என்று மாணவர்கள் தெருவில் இறங்கியபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. கற்றுக்கொள்ளாததைத் தாங்களே அறிந்திருந்த பிள்ளைகளின் பயம் அது.

இணையத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டினால் நிலைமை மாறும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. விளக்கம் பதிவாக வருகிறது, வாரந்தோறும் பயிற்சி, மாணவர் அனுப்பும் நிரலைக் கணினியே சோதித்து உடனே பதில் சொல்கிறது, முக்கியத் தேர்வுகளை ஊர் ஊராக உள்ள மையங்களுக்கு நேரில் வந்து எழுத வேண்டும். ஜேஇஇ இல்லாமல் சேரலாம், ஏழைக் குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கீழப்பழுவூர்ப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்தே ஐஐடி பாடம் படிக்க வழி திறந்தது சாதாரணக் காரியமில்லை. ஆனாலும் தானியங்கிச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. விடை சரியா என்று அது பார்க்கும். மாணவருக்குப் புரிந்ததா என்று பார்க்காது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதி அனுப்பும் நிரலை வைத்து ஒருவரின் திறமையை அளப்பது நம்பகமற்றதாகிவிட்டது.

பெருந்தொற்று போய்விட்டது, இணையவழி போகவில்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படித்து கிரெடிட் பெறலாம் என்று 2021-இல் யுஜிசி விதி செய்தது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டப் பாடங்களிலும் இணையவழிப் பகுதி நிறைய. 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். இதில் எனக்கு ஒரே பக்கம்தான்: மடிக்கணினி. டேப்லெட்டைக் கையில் கொடுத்து நிரல் எழுதச் சொன்னால், 2020-இல் போனில் பட்ட பாட்டை மறுபடியும் படச் சொல்வதாகும்.

அதைவிட அவசரமானது லேபின் நேரம். விளக்கம் இணையத்தில் கிடைக்கிறது என்றால், அந்த விளக்கத்துக்குச் செலவான வகுப்பு மணிகளை லேபுக்கு மாற்ற வேண்டும். கல்லூரிகள் பல இடங்களில் அந்த மணிகளைக் குறைத்துக்கொள்ளத்தான் பார்க்கின்றன. மாலை நாலரைக்குப் பூட்டுகிற லேபை ஏழு மணி வரை திறந்து வையுங்கள். இரண்டு பேர் சம்பளம் கூடுதலாகும், ஒரு யுபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுவட்டார மாணவிகள் வந்து போக அது போதும், கடைசி வண்டிக்கு முன்பு லேப் முடிகிறமாதிரி நேரம் வைத்தால். அரசு பாலிடெக்னிக்கின் கணினிகளைப் பொறியியல் மாணவரும் கலைக் கல்லூரி மாணவரும் மாலையில் பயன்படுத்தத் தடையாக இருப்பது துறைகளுக்கு இடையிலான காகிதம் மட்டுமே. எக்ஸ்டர்னல் தேர்வில் ரெக்கார்டைப் புரட்டுவதை விட்டு, நிரலில் ஒரு வரியை ஆசிரியரே மாற்றிவைத்து, எங்கே உடைந்தது என்று மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும், புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.