ஃபிட்ஸ் தலைப்பகுதியும் கட்டளைவரித் திருத்தக் கருவிகளும்: ஒரு திறனாய்வு

வானியல் படிமங்கள் பெரும்பாலும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவில் பேணப்படுகின்றன. 1981இல் வெல்ஸ், கிரைசன், ஹார்ட்டன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இவ்வடிவத்தை வரையறுத்தது. படிமத்தின் எண்களுக்கு முன்னர், எப்பொருள் எந்நாளில் எவ்வளவு நேரம் நோக்கப்பட்டது என்பன போன்ற செய்திகளைத் தரும் தலைப்பகுதி அமைகிறது. வரிக்கு 80 எழுத்து, 36 வரி சேர்ந்து 2880 பைட்டுத் தொகுதி ஒன்று, திறவுச்சொல் எட்டு எழுத்துக்கு மேற்படாமை எனத் துளையட்டைக் காலத்துச் சிக்கனம் அதில் இன்றும் தொடர்கிறது. ஆஸ்கி எழுத்துகளுக்கே இடமுண்டு. ஆதலின் காவலூரில் எடுக்கப்பட்ட படிமத்திலும் அவ்வூர்ப் பெயரைத் தமிழில் பொறிக்க இயலாது.

இத்தலைப்பகுதியைக் கையாளும் கட்டளைவரிக் கருவிகள் வேகம், வசதி என்னும் இரண்டாலேயே பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. தலைப்பகுதியை ஒரு பனுவலாகக் கொண்டால் வேறொரு வினா எழுகிறது: திருத்தியவர் தம் திருத்தத்தைப் பதிவு செய்கிறாரா? உ.வே.சா.வின் பதிப்புகளில் பாடவேறுபாடுகளைத் தேடிப் பழகிய நமக்கு இவ்வினா புதிதன்று.

ஆஸ்ட்ரோபை தொகுப்பின் ஃபிட்ஸ்ஹெடர் படித்துக் காட்டுவதோடு அமைவது, அதனால் தீங்கில்லை. சிஃபிட்ஸியோ நூலகத்தைச் சார்ந்த மாட்ஹெட்டின் நிலை வேறு. கோப்பின் பெயரையும் திறவுச்சொல்லையும் மட்டும் கொடுத்தால் அது மதிப்பைக் காட்டும். புதிய மதிப்பொன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அதே கோப்பில் பழையதன் மேல் எழுதிவிடும். காண்பதற்கும் அழிப்பதற்கும் இடையே ஒரு சொல்லே வேறுபாடு. கோப்பின் கட்டமைப்பைக் குறிக்கும் திறவுச்சொற்களைத் திருத்த அது மறுக்கும். ஆயின் பொருளைச் சுமக்கும் சொற்களுக்கு அக்காவல் இல்லை. டபிள்யூசிஎஸ்டூல்ஸ் தொகுப்பின் செட்ஹெட் இவ்வகையில் மேலானது. மாற்றத்தை ஹிஸ்டரி வரியாக எழுதவும் புதிய கோப்பாகச் சேமிக்கவும் அதில் வழியுண்டு. எனினும் இரண்டும் கேட்டால் மட்டுமே கிடைக்கும். கேளாதவர்க்கு அமைதியான அழிப்பே இயல்புநிலை. என் குறை இவ்வியல்புநிலை பற்றியதே.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. டேட்-ஆப்ஸ் என்னும் திறவுச்சொல், விளக்கக்குறிப்பில் வேறுவகையாகக் கூறப்படாவிடின், நோக்கலின் தொடக்க நேரத்தைக் குறிக்கும் என்பது ஃபிட்ஸ் தரநிலையின் விதி. 600 வினாடி ஒளிபதிவுகள் சிலவற்றில் யான் அதனை இடைநேரமாக மாற்ற எண்ணி, ஓர் இரவின் கோப்புகள் அனைத்தையும் ஒரே சுழற்சிக் கட்டளையால் திருத்தினேன். விளக்கக்குறிப்பு பழையபடியே நின்றது. சில மாதங்களுக்குப் பின், திருத்தியதை மறந்து, பாதி ஒளிபதிவு நேரத்தை மீண்டும் கூட்டினேன். ஐந்து நிமிடப் பிழை. மறைப்பு இரட்டை விண்மீன்களின் சுற்றுக்கால மாற்றத்தை ஆய்வோர்க்கு ஐந்து நிமிடம் ஒரு கண்டுபிடிப்பாகவே தோன்றக்கூடும்.

பிழையைக் காட்டிக்கொடுத்தது எம்ஜேடி-ஆப்ஸ். அதே நேரத்தை நாளெண்ணாகத் தரும் அத்திறவுச்சொல்லை யான் தொடவில்லை. அது மூலபாடத்தின் சான்றாக எஞ்சியிருந்தது. இது நற்பேறே அன்றிக் கருவியின் சிறப்பன்று.

செக்சம் என்னும் சரிபார்ப்புத்தொகை இதற்குப் போதாதா எனக் கேட்கலாம். கோப்பில் அது முன்பே பொறிக்கப்பட்டிருந்தால், தலைப்பகுதியில் நேர்ந்த மாற்றத்தை ஃபிட்ஸ்செக் கண்டுகொள்ளும். ஆனால் மாறியது எச்சொல், முன்பிருந்த மதிப்பு யாது என அது கூறாது. மேலும், அதே கருவியைக் கொண்டு தொகையைப் புதிதாக எழுதிவிட்டால் திருத்திய பாடமே பிழையற்ற பாடமாகிவிடும். முத்திரை உண்டு; வரலாறு இல்லை.

கருவியாக்குநர் செய்யவேண்டியது அரிதன்று: ஹிஸ்டரி வரி எழுதுவதை இயல்புநிலையாக்கி, வேண்டாதவர் விலக்கிக்கொள்ள ஒரு தெரிவு அளித்தால் போதும். தலைப்பகுதி சற்று நீளும் என்பதே இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது. பல மெகாபைட்டுப் படிமத்தின் முன் 80 எழுத்து ஒரு பொருட்டன்று. அவ்வரியில் உரைக்கு 72 எழுத்து இடமுண்டு. என் கோப்புகளில் பின்னர் யானே சேர்த்த வரியில் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்திய நாள் மூன்றும் அடங்கின.