கிணற்றடிப் பம்பு

கிணற்றடியிலுள்ள மோட்டார் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சாதாரணமாகச் சொல்லுகிறோம். யதார்த்தத்தில், குழாயினுள் அழுத்தம் குறைந்தவுடன், நீர்ப்பரப்பின் மேல் அழுந்திக் கிடக்கும் வாயுமண்டலமே அதை மேலே தள்ளுகிறது என்பது 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லியின் ஆராய்ச்சியால் விளங்கிற்று. வாயுமண்டலத்தின் அழுத்தம் தாங்கும் நீரின் உயரம் சுமார் 10 மீட்டர். அநுபவத்தில் 7 மீட்டரைத் தாண்டினாலே பம்பு திணறும். அதனால்தான் ஆழக் கிணறுகளில் உள்ளே ஒரு மேடை கட்டி, பம்பையே கீழிறக்கி வைத்தார்கள்.

நீரைத் திரும்பவிடாமல் தடுக்க குழாயின் அடியிலுள்ள புட்வால்வில் சருகோ மணலோ சிக்கினால், இரவில் நீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிட, காலையில் குடத்தால் ஊற்றி நிரப்பினாலன்றி வேலை நடவாது.

ஆயினும் என் பிரீதியெல்லாம் கிளாண்டிடந்தான். சுழலும் தண்டு பம்பின் கூட்டுக்குள் நுழையுமிடத்தில், மசகு ஊட்டிய கயிற்றைச் சுற்றி, இரண்டு நட்டுகளால் இறுக்கியிருக்கும் அமைப்பே அது. சொட்டுகிறதே என்று பதறி அதை முற்றிலும் முடுக்கிவிட்டால், தண்டு சூடேறித் தேய்ந்து, மோட்டாரும் வீணாகப் பாரம் இழுக்கும். துளித்துளியாய்க் கசியும் அந்த நீரே தண்டுக்குக் குளிர்ச்சி தருவது. மின்சாரத்தை நிறுத்தி, தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்து, இரு நட்டுகளையும் சமமாக, சிறுகச் சிறுகத் திருகி, ஒழுக்கு சொட்டாக மாறும் க்ஷணத்தில் ஸ்பானரை எடுத்துவிடும் மெக்கானிக்கின் நிதானம் உத்தமமான கலை. இப்போதைய பம்புகள் பலவற்றில் மெக்கானிக்கல் சீல் வந்து, சொட்டுவது நின்றுவிட்டது; ஆனால் நீரின்றி ஓடவிட்டால் அந்தச் சீல் சீக்கிரமே கெட்டுவிடும்.