எழுதுவினைஞரும் சாட்சியும்: ஐரிஷ் கடலோடிகள் பற்றிய நீதிமன்றப் பதிவுகள் - ஒரு விமர்சன நோக்கு

பழைய ஆவணமொன்றைப் படித்தல் என்பது அதன் எழுத்துக்களை இனங்காண்பதோடு முற்றுப்பெறுவதன்று. யார் கேட்டார், யார் சொன்னார், யார் எழுதினார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அது சான்றாகும் தகுதியைப் பெறுகின்றது. கடலோடிகளாய் வாழ்ந்த தம் முன்னோரைத் தேடும் ஐரிஷ் வழித்தோன்றல்கள், இங்கிலாந்தின் கடல்வழக்கு நீதிமன்றத்தின் கையெழுத்துப் பதிவுகளை நாடுகின்றனர். அப்பதிவுகள் படிக்கப்படும் முறையை இவ்வடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டு நீதிமன்றத்தின் ஏடுகளை இவர்கள் நாடவேண்டி வந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. 1922 யூன் 30 ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் 'போர் கோர்ட்ஸ்' வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பல நூற்றாண்டுகளுக்குரிய மரணசாசனங்களும் நீதிமன்றச் சுருள்களும் 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டுத் தாள்களிற் பெரும்பகுதியும் அழிந்தன. 1861 முதல் 1891 வரையான குடிசன மதிப்பீட்டுத் தாள்கள் அரச ஆணையாலேயே அதற்கு முன்னர் அழிக்கப்பட்டிருந்தன. ஆகவே, அயர்லாந்தில் இல்லாததை அயர்லாந்துக்கு வெளியே தேடும் நிலை தோன்றிற்று. கடலில் நிகழ்ந்த மோதல், சம்பள வழக்கு, கப்பற் கைப்பற்றல், கொள்ளை ஆகியவற்றை விசாரித்த அட்மிரால்டி உயர் நீதிமன்றத்தின் பதிவுகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றன. கோல்வே, வாட்டர்போர்ட், கின்சேல் முதலிய துறைமுகங்களைச் சேர்ந்த மாலுமிகள் அவற்றிற் சாட்சிகளாகவும் வழக்காளிகளாகவும் காணப்படுகின்றனர். சாட்சியின் பெயர், ஊர், தொழில், வயது என்பன வாக்குமூலத்தின் தலைப்பில் எழுதப்படுவது வழக்கம். வழிமரபு தேடுவோரைக் கவர்வது இத்தலைப்பே.

முதல் இடர் எழுத்துப் பற்றியது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வழங்கிய 'செக்ரட்டரி' கையெழுத்தில் 'எம்', 'என்', 'யு', 'ஐ' ஆகியன வெறும் குறுங்கோடுகளின் வரிசையாகவே தோன்றும். சொல்லிடையில் வரும் 'எஸ்', 'எஃப்' எனத் தோன்றுமாறு நீண்டிருக்கும். 'பி' எழுத்தின் காலிற் குறுக்கே ஒரு கோடிட்டால் அது ஓர் அசையின் சுருக்கமாகும். புள்ளியிடப்படாத ஏட்டுச் சுவடியைப் பயின்றோருக்கு இவ்விடர் புதிதன்று; அங்கும் இங்கும் எழுத்தைத் தீர்மானிப்பது சொல்லறிவும் பொருளறிவுமே. ஆனால் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வருமிடத்து அவ்வறிவு உதவுவதில்லை. வழிமரபு தேடுபவருக்கு எது மிகவும் வேண்டியதோ, அதுவே ஊகத்துக்கு மிகவும் இடந்தருவது.

எழுத்துச் சரியாகப் படிக்கப்பட்டாலும் பெயர் சரியாகிவிடாது. ஐரிஷ் மொழி பேசியவனின் பெயரை ஆங்கில எழுதுவினைஞர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். 'வெல்சியன்' எனப் பொருள்படும் ஒரே ஐரிஷ் குடும்பப் பெயர் ஓரிடத்தில் வோல்ஷ் என மொழிபெயர்க்கப்பட்டும், வேறோரிடத்தில் பிரனாக் என ஒலிபெயர்க்கப்பட்டும் வரக்கூடும். மறுதலையாக, ஒரே துறைமுகத்தில் வோல்ஷ் என்னும் பெயருடையோர் பலர் தொடர்பற்றவராய் வாழ்ந்திருக்கவும் கூடும். வயதோ 'ஏறத்தாழ' என்னும் சொல்லுடனேயே தரப்படுகின்றது. 1752 இற்கு முன்னர் சட்டமுறையான ஆண்டு மார்ச் 25 இலேயே தொடங்கியமையால், 1640 பெப்ரவரி என ஏட்டில் இருப்பது நமது கணிப்பில் 1641 ஆகும். இவற்றைக் கருதாது ஒரு பெயரை எடுத்துத் தம் குலவரிசையில் இணைப்போர், முன்னோரைக் கண்டுபிடிப்பதில்லை; ஆக்கிக் கொள்கின்றனர்.

இதனினும் ஆழமானது வினா பற்றிய சிக்கலாகும். 1593 யூலையில், மேற்கு அயர்லாந்தின் கடற்றலைவியான கிரேஸ் ஓ'மாலியிடம் அரசி எலிசபெத்தின் அமைச்சர் பேர்லி பிரபு பதினெட்டு வினாக்களை எழுத்தில் விடுத்தார். தந்தை யார், தாய் யார் என்பது முதல் வினா. கணவர், மைந்தர், சொத்துரிமை பற்றிய வினாக்கள் அதனைத் தொடர்ந்தன. அவருடைய விடைகள் அரசாங்க ஆவணங்களுள் எஞ்சியுள்ளன. குடும்ப வரலாறு நிறைந்த அவ்விடைகளை மட்டும் படிப்பவர், அவர் தம் குலப்பெருமையைத் தாமே எடுத்துரைத்தார் என எண்ணக்கூடும். உண்மையில், கேட்கப்பட்டமையாலேயே அவர் அதைக் கூறினார். அது நீதிமன்றச் சாட்சியமன்று. எனினும் வினாவும் விடையும் ஒருங்கே நமக்குக் கிடைத்திருப்பதால், வினா விடையை எவ்வாறு வடிக்கின்றது என்பதற்கு அது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கடல்வழக்கு நீதிமன்றத்தில் இவ்வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை. அங்கே சாட்சிகள் தனித்தனியே, முன்னரே எழுதப்பட்ட வினாக்களின்படி விசாரிக்கப்பட்டனர். விடைகள் படர்க்கையில், 'மூன்றாம் வினாவுக்கு அவர் கூறுவதாவது' என்னும் பாங்கில் எழுதப்பட்டன. வினாக்கோவைகளோ வேறொரு தொகுதியிற் சேர்க்கப்பட்டன. எனவே விடையை மட்டும் வாசிப்பவர் உரையாடலின் ஒரு பாதியையே கேட்கின்றார்.

விடையும் எப்போதும் பயமின்றிக் கூறப்பட்டதன்று. 1644 ஒக்டோபர் 24 இல் ஆங்கிலப் பாராளுமன்றம், தன்னை எதிர்த்துக் கடலிற் பிடிபடும் ஐரிஷ்காரருக்கு உயிர்ப்பிச்சை அளிக்கலாகாது எனக் கட்டளை பிறப்பித்தது. 1690களில், பதவியிழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் உரிமம் பெற்றுக் கடலிற் போரிட்டோர் கொள்ளையராகக் கருதப்பட்டனர். அவர்கள்மீது வழக்குத் தொடுக்க மறுத்த நீதிமன்றச் சட்டத்தரணி வில்லியம் ஓல்டிஸ் பதவி நீக்கப்பட்டார். இத்தகைய காலங்களில் 'நீ எங்கே பிறந்தாய்? எவருடைய குடிமகன்?' என்னும் வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடை உயிரோடு தொடர்புடையது. வழித்தோன்றல் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் பிறப்பிடக் குறிப்பே, சாட்சி பொய்யுரைக்கப் பெரிதும் காரணமிருந்த இடமாக அமைந்துவிடுகின்றது.

இந்நிலையில், அறிஞர் வெளியிட்ட பதிப்புக்களை மதிப்பிடுதல் பொருந்தும். ஜோன் அப்பிள்பி தொகுத்து, 1992 இல் ஐரிஷ் சுவடிகள் ஆணைக்குழு வெளியிட்ட தொகுப்பு, 1536 முதல் 1641 வரையான சாட்சியங்களில் அயர்லாந்து பற்றிய செய்திகளைச் சுருக்கித் தருகின்றது. ஏடுகளின் காட்டினுள் வழிகாட்டும் இப்பணியின் பயன் பெரிது. ஆயின் சுருக்கம் என்பது செய்தியைக் காத்து வடிவத்தை விடுவது. சாட்சி தயங்கிய இடமும் எழுதுவினைஞர் அடித்துத் திருத்திய இடமும் சாட்சி இட்ட கைக்குறியும் மூல ஏட்டிலேயே உள்ளன. குறை தொகுத்தவரிடம் இல்லை. சுருக்கத்தை மூலமாகக் கொள்ளும் வாசகரிடமே உள்ளது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2013 இல் வெளிவந்த போர்தோ-டப்ளின் கடிதங்களின் பதிப்பு. 1757 இல், பிரான்சின் போர்தோ நகரிலிருந்து டப்ளின் திரும்பிய 'டூ சிஸ்டர்ஸ்' என்னும் ஐரிஷ் கப்பல் ஆங்கிலத் தனியார் போர்க்கப்பல் ஒன்றாற் பிடிக்கப்பட்டது. அதிலிருந்த அஞ்சற்பையின் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் நீதிமன்ற ஆவணங்களோடு சேர்ந்து கிடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பிரிக்கப்படவேயில்லை. 2011 இல் தோமஸ் ட்ரக்ஸஸ் அவற்றைக் கண்டெடுத்தார். கலன், ஷொவ்லின் ஆகியோருடன் இணைந்து அவர் அவற்றைப் பதிப்பித்தார். இங்கே எழுதுவினைஞர் இல்லை, வினாவும் இல்லை. போர்தோவில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் தம் உறவினருக்கு எழுதியவையே உள்ளன. உரியவரிடம் அவற்றைச் சேரவிடாது தடுத்த நீதிமுறையே அவற்றை நமக்காகக் காத்தும் வைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இத்தகைய பேறு அரிது. மாலுமிகள் பலர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்கள் பற்றி எஞ்சியிருப்பது பிறர் எழுதிய வாக்குமூலமே. அதனை ஒதுக்கிவிடுவது அவர்களை இரண்டாம் முறை அழிப்பதாகும். அப்படியே நம்பிவிடுவதோ, எழுதுவினைஞரை முன்னோராகக் கொள்வதாகும். பெயரைத் தேடி ஏட்டைப் புரட்டுவதை விடுத்து, வழக்கு முழுவதையும் படித்தல் வேண்டும்: வினாக்கோவையைத் தேடி விடையோடு இணைத்தல், அதே கப்பலின் பிற சாட்சிகளோடு ஒப்பிடுதல், ஐயத்துக்குரிய எழுத்தை ஐயத்துக்குரியதாகவே குறித்தல். இவ்வாறு படிப்பவர் தம் முன்னோரை உறுதியாகக் காணாது போகலாம். ஆயினும் அம்முன்னோர் எத்தகைய கப்பலில், எவ்வளவு சம்பளத்துக்கு, எவ்வித அச்சத்தின் நடுவே வாழ்ந்தனர் என்பதை அவர் அறிவார். ஐயத்துக்குரிய ஒரு பெயரைக் குலவரிசையிற் சேர்ப்பதிலும் அவ்வறிவே மேலானது.