புதுக்கிய உறுப்பின் மாண்பு

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்துப் பட்டறைகளில், வயது முதிர்ந்த லேலண்ட் லாரியின் கிராங்க் ஷாப்டை இறக்கி, நகம் சிக்குமளவு கீறல் உண்டாவென அதன் வழவழப்பின்மேல் விரலோட்டிப் பார்த்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பாகம் மட்டும் கிரைண்டிங் செய்து, அதற்கேற்பத் தடித்த பேரிங்கைப் பூட்டி மறுஜன்மம் அளிக்கும் மேஸ்திரியின் நிதானம், என் வரையில், சிற்பியின் நிதானத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. உருக்கு உறுதியாயிருக்குமானால், ஊர்பேர் தெரியாத புதுச் சரக்கைவிட, அவ்வாறு புதுக்கிய பழைய உறுப்பே சிலாக்கியம். கிரௌனும் பினியனும் கூடித் தேய்ந்த ஜோடியாதலால், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் விரயம். பிரேக் விஷயத்திலோ சிக்கனத்துக்கு இடமேயில்லை. லைனிங்கையும் ஹோஸ்களையும், லாரி உடையவர்களே, தயவுசெய்து புதிதாகவே வாங்குங்கள்.