மீன் பொறித்த வாளும் ஒரு சிறுவனும்

பாண்டி நாட்டு மண்ணாகிய ஆண்டிபட்டியில் பிறந்து, கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்து வாசிக்கும் என் போன்றவனுக்கு, அப்பெருங்கதையில் காவிரியின் புதுவெள்ளத்தைக் காட்டிலும், வீரன் வந்தியத்தேவனின் துடுக்கைக் காட்டிலும், இருளில் கூடிச் சதி செய்கின்ற பாண்டிய நாட்டு மெய்க்காவலரான ஆபத்துதவிகளின் மீதே மனம் சென்று தங்குகிறது.

திருப்புறம்பியத்துப் பள்ளிப்படையருகே, நள்ளிரவில், ஒன்றுமறியாத ஒரு பாலகனைச் சிங்காதனத்தில் அமர்த்திப் பாண்டிய சக்கரவர்த்தி என்று முழங்கி, மீன் பொறித்த வாளை அவன் கையால் தொடச் செய்து, கொல்லப்பட்ட தம் அரசனுக்காகப் பழிவாங்கும் பொறுப்பைத் தனக்கு விருப்பமானவரிடம் தரும்படி கேட்கிறார்களே, அந்தக் காட்சிக்கு நிகராகப் பயங்கரமும் பரிதாபமும் கலந்த இன்னொன்றை நான் தமிழ் நாவல்களில் கண்டதில்லை. தன்னிடமே அது வரும் என்று சதிகாரன் ரவிதாஸன் ஆவலோடு காத்திருக்க, குழந்தையோ வாளை அச்சதியில் சேர்ந்த நந்தினியிடம் கொடுத்துவிடுகிறது! ஒப்பிட்டுப் பார்த்தால், 1995-இல் ராபின் ஹாப் என்னும் அமெரிக்க ஆசிரியை எழுதிய புகழ்பெற்ற நாவலில், அரண்மனைக்குள் ஒரு சிறுவன் கொலைக்கலையை முறையாகவே பயில்கிறான். கல்கியின் பாலகனுக்கோ பயிற்சி ஏதுமில்லை, வஞ்சினம் மட்டுமே பிதுரார்ஜிதமாக வந்து சேருகிறது. எனக்கு இதுவே கொடியதாகப் படுகிறது.

கதையின் வேர் கற்பனையன்று. வீரபாண்டியன் தலைகொண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுடைய நிலங்கள் கைப்பற்றப்பட்ட செய்தியும் அதிலேயே உண்டு. சாசனம் துரோகி என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்ட மனிதர்களுக்கு, தஞ்சை ஜில்லாவில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடரில், ஒரு துயரத்தையும், ஒரு விசுவாசத்தையும், தம் அரசனின் தலை வெட்டுண்டதை மறக்கவொண்ணாத ஒரு நெஞ்சையும் கொடுத்தார் என்பதற்காகப் பாண்டி நாட்டான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறான்.

தூமகேது என்னும் வால்நட்சத்திரமும், நோயுற்ற சக்கரவர்த்தி சுந்தர சோழரை இரவில் வாட்டும் ஆவித்தோற்றமும் ஜனரஞ்சகத்துக்கு உதவின. அவற்றை நான் அவ்வளவு உயர்வாக மதிப்பதில்லை. கடம்பூர் மாளிகையில் கரிகாலனின் கொலையை இருளில் நிகழ்த்தி, யாருடைய கை என்பதை மறைத்துவிட்ட நிதானமே பெரிய கலை. பழி வந்தியத்தேவன்மீது விழுகிறது. நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் கடம்பூர் மாளிகைப் பெண் மணிமேகலையும் தாமே செய்ததாகச் சொல்ல முன்வருகிறார்கள். வாசகனோ ஒவ்வொரு முறையும் வேறொருவரைச் சந்தேகிக்கிறான். நந்தினியின் கை நடுங்கியிருக்கும் என்பதே இன்றுவரை என் கட்சி.