களவெட்டியிற் பூதம்: வன்னி வழக்கொன்றை நோக்கும் முறை

வன்னி வயல்களில் நெல்லைக் கவர வரும் பூதத்தைப் பற்றிய வழக்கினை நோக்கியோருள் ஒரு சாரார் அதனை மூடநம்பிக்கையென ஒதுக்கினர்; மற்றொரு சாரார் அதனோடு ஒட்டிய சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்தனர். வன்னியில் ஆட்சி அலுவலராயிருந்த ஜே. பி. லூயிஸ், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1884 இல் நெற்களத்து மொழி பற்றி எழுதினார். 1895 இல் வெளிவந்த அவரது வன்னி மாவட்டக் கைந்நூலும் இன்றளவும் பயன்படுவதே. ஆயினும் சொற்பட்டியலைக் கொண்டு கதையை விளங்கிக்கொள்ள இயலாது.

கதை மிக எளியது. சூடு மிதிக்கும் இரவிற் பூதங்கள் களவெட்டியைச் சூழ்ந்து நிற்கும். நெல்லின் பெயரோ, வேலை முடிந்ததென்ற சொல்லோ அவற்றின் செவியிற் பட்டால் நெல் குறைந்துவிடும். எனவே களத்திலுள்ள பொருள்களுக்கு வேறு பெயர்கள் வழங்கப்படும். குவிந்த நெல் 'பொலி' எனப்படும். அளக்கத் தொடங்கும்போது 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்பது தமிழர் வாழும் பிற இடங்களிலும் உள்ள வழக்கு.

இப்பூதம் வயலில் நிற்கும் பயிரைத் தொடுவதில்லை. வீட்டுக்குச் சென்றுவிட்ட நெல்லையும் நாடுவதில்லை. மிதிப்புக்கும் அளப்புக்கும் இடைப்பட்ட சில மணி நேரமே அதற்குரிய காலம். இதுவே கதையின் உயிர்நிலை என்பது எமது கருத்து. ஏனெனில் அரசும் நிலவுடையோரும் விதைநெல் கடன் கொடுத்தோரும் தத்தம் பங்குக்கு வந்து நின்றதும் அதே வேளையிலேதான். பிரித்தானியர் ஆட்சியில் 1892 இல் நெல்வரி ஒழிக்கப்படும்வரை வரிக்குத்தகைக்காரரின் கண் களத்திலேயே இருந்தது. பூதத்துக்குத் தமிழ் விளங்கும். உழவன் களத்திற் பேசும் தமிழ்தான் விளங்காது. பங்கு கேட்டு வந்தவருக்கும் இது பொருந்துமன்றோ!

எனினும் பூதமென்பது வரிகாரனின் மாற்றுருவமே என்று முடித்துவிடுவது எளிதான விமரிசனம். நம் விமரிசகர் சிலருக்கு இத்தகைய முடிபுகளில் அளவுகடந்த விருப்பம் உண்டு. வரி ஒழிந்தபின்னும் களத்துமொழி ஒழியவில்லை. மேலும், தமிழ் மரபிற் பூதம் பேயன்று. சிலப்பதிகாரத்து நாளங்காடிப் பூதம் பலி பெறும் காவற்றெய்வம். சதுக்கப் பூதம் தீயோரைப் புடைத்துண்பது. வன்னிக்குத் தென்கிழக்கே கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்பது ஈழத்து நெடுநாள் ஐதிகம். வன்னியோ குளங்களால் வாழும் நிலம். அணை கட்டிய கையும் நெல்லைக் கவரும் கையும் ஒன்றெனக் கொண்டால் கதையின் நிறம் மாறிவிடுகிறது. பூதம் கள்வனாகத் தோன்றவில்லை. கூலி பெறாத வேலையாளாகத் தோன்றுகிறது. உழவனது அச்சத்துக்குள் கடன்பட்டவனின் கூச்சமும் இருக்கின்றது. கந்தளாய் ஐதிகத்தை வன்னிக் கதையோடு இணைப்பது எமது ஊகமே. ஆயின் இரு கதைகளும் ஒரே நீரியற் பண்பாட்டில் வழங்குவன.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யோடு ஒப்பிட்டால் இவ்வழக்கின் தனித்தன்மை மேலும் புலனாகும். அங்கே பேய் வீட்டினுள் வருகிறது. நம்புவதா என்பதே வாசகனை அலைக்கழிப்பது. களவெட்டியில் நம்பிக்கை பற்றிய கேள்வியே எழுவதில்லை. எவ்வாறு பேசவேண்டும் என்பதொன்றே கேள்வி.

20ஆம் நூற்றாண்டில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றை அண்டிக் குடியேற்றங்கள் எழுந்தன. வேறிடங்களிலிருந்து வந்தோர் காடு வெட்டி வயல் செய்தனர். பின்னர் உழவியந்திரம் கடாக்களின் இடத்தைப் பிடித்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளிற் போரினால் வன்னி மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். திரும்பியபோது கண்ணிவெடி அகற்றும்வரை பலர் தம் வயலில் இறங்கவும் இயலவில்லை. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே அரிந்து, அடித்து, நெல்லைக் கொட்டிவிடுகிறது. களவெட்டிக்கு இடமில்லை; மிதிப்புக்கும் அளப்புக்கும் இடையே பூதம் வந்து நிற்க நேரமுமில்லை.

ஆகவே, இவ்வழக்கைப் பதிவுசெய்யச் செல்லும் மாணவர் முதியவர்களிடம் பூதத்தைக் கண்டீர்களா என்று கேட்பதிற் பயனில்லை. எந்தச் சொல்லை, எவ்வேளையில், யார் முன்னிலையிற் சொல்லாமல் விட்டீர்கள் என்றே கேட்கவேண்டும். களத்தில் நின்று பங்கு கொண்டு சென்றவர் யாவரென்பதையும் அதனோடு சேர்த்துக் கேட்பது நன்று.