கீறல் விழுந்த தட்டுகள்

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்கள் அலமாரியை அடுக்கும் விதத்திலேயே ஓர் அரசியல் இருக்கிறது. தேனி, கம்பம் பக்கம் நான் பார்த்த அலமாரிகள் எல்லாம் இசையமைப்பாளர் பெயரில்தான் பிரிக்கப்பட்டிருந்தன. பண்ணைப்புரம் நம்மூர் என்பதால் இளையராஜா வரிசைக்குத் தனி மரியாதை. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ அங்கே முதலில் நிற்கும். அந்தப் படத்தை வீடுவீடாகக் கொண்டுபோன எஸ். ஜானகியின் குரலோ பல இசையமைப்பாளர்களின் வரிசைகளில் சிதறிக் கிடக்கும். ஜானகிக்கென்று ஒரு வரிசையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜாஸ், ராக் சேர்ப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. மும்பையிலிருந்து போன ஆஷா புத்லி, 1971இல் நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மனின் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ ஆல்பத்துக்காக இரண்டு பாட்டுப் பாடினார். தட்டு கோல்மன் வரிசையில் இருக்கும். ‘அன்னக்கிளி’ வந்த அதே 1976இல் புத்லியின் சொந்த ஆல்பம் ‘தி டெவில் இஸ் லூஸ்’ வந்தது என்பதைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது விலைக்கணக்கு. ஊசி படாத தட்டை ‘மின்ட்’ என்பார்கள். அதற்குத்தான் உச்ச விலை. அதாவது, யாருமே கேட்காத தட்டு! தொடப்படாததற்கு விலை வைக்கும் வழக்கம் பெண்களாகிய நமக்குப் புதிதா என்ன?

எழுபதுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் பாட்டுக் கேட்டது மைக் செட்டில்தான்: சடங்கு வீடு, கல்யாண வீடு, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. மரத்தில் கட்டிய குழாயிலிருந்து வந்த பாட்டை நடவு வயலில் நின்றவளும், ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிட்டுத் திரும்பியவளும் கேட்டார்கள். எந்தப் பாட்டு என்று முடிவுசெய்தது மைக் செட் ஆள். அவர் ஆண். பந்தலுக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள், “டேய், அதையே திரும்பப் போடச் சொல்லுடா” என்று ஒரு பையனை அனுப்புவார்களாம். என் அம்மா வயதுப் பெண்கள் சொல்லிக் கேட்டது இது. அப்படித் திரும்பத் திரும்ப ஓடி, தூசியிலும் கனத்த ஊசியிலும் தேய்ந்த தட்டுகள்தான் இன்று மலிவாகக் கழிக்கப்படுகின்றன. பெண்கள் கேட்டதற்கு வேறு ஆவணம் எங்கே இருக்கிறது?

இளையராஜா பல மேடைகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாயை அப்படியே கையில் கொடுத்தார். தாயின் தியாகம் என்று கைதட்டுகிறோம். ரேடியோ போன பிறகு அந்த வீட்டில் அவர் எதைக் கேட்டார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கும் கருவியையே விட்டுக்கொடுத்த ஒரு பெண், இசை வரலாற்றில் அம்மாவாக மட்டும் நுழைகிறார், கேட்பவராக அல்ல.

நான் மைக் செட் முத்திரை குத்திய தட்டுகளைத்தான் வாங்குகிறேன். “அக்கா, இது இழுக்கும், வேண்டாம்” என்பார் கடைக்காரர். என்னிடமுள்ள ஒன்றில், ஜானகி பாடத் தொடங்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. அங்கேயே ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.